சில வார

படித்த புத்தகங்களைப் பற்றி எழுத நானும் இரண்டு நண்பர்களும் ஒரு தளம் வைத்திருக்கிறோம். நாலு வருஷம் ஆகிறது. நாங்கள் யார் என்று சொல்ல அதில் ஒரு பக்கம் கிடையாது. போன வாரம் ஒரு வாசகர், “இதை எழுதுவது ஒரே ஆளா, பல பேரா?” என்று கேட்ட பிறகுதான் உறைத்தது. ஒரு பக்கம்தானே, பத்து நிமிஷ வேலை என்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

எங்கள் தளம் வேர்ட்பிரஸ் என்ற, தளம் நடத்த உதவும் மென்பொருளில் ஓடுகிறது. அதில் பதிவு வேறு, பக்கம் வேறு. பதிவுக்குத் தேதி உண்டு; அடுத்தது வந்தால் இது கீழே இறங்கிவிடும். பக்கம் வைத்த இடத்தில் இருக்கும். 2003இல் வேர்ட்பிரஸ் வந்தபோது பதிவு மட்டும்தான் இருந்தது, 2005இல் 1.5 பதிப்பில்தான் பக்கம் என்ற ஒன்றே வந்து சேர்ந்தது. ‘எங்களைப் பற்றி’யைப் பதிவாகப் போட்டுவிட்டு, அது ஏன் பத்தாவது இடத்துக்குப் போய்விட்டது என்று தேடுகிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். நானும் ஒரு காலத்தில் தேடியிருக்கிறேன்.

தலைப்புப் பெட்டியில் ‘எங்களைப் பற்றிச் சில வார்த்தைகள்’ என்று அடித்து, டிராஃப்டாகச் சேமித்தேன். பிறகு வலது பக்கப் பட்டையில் ஸ்லக்கைப் பார்த்தேன். ஸ்லக் என்றால் முகவரியின் வால். தலைப்பை வைத்து அதுவே ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். அங்கே இருந்தது இதுதான்: எங்களைப்-பற்றிச்-சில-வார.

சில வார! ஏதோ சில வாரங்களில் கடையைக் கட்டப்போகிறவர்கள் மாதிரி.

இது ஏன் என்று தெரிந்தால் சிரிப்பு வரும். முகவரிக்குள் தமிழ் எழுத்து அப்படியே போவதில்லை. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோடை முகவரிக்காக UTF-8 முறையில் எழுதும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறி, கூடவே இரண்டு எழுத்து என்று மாறும். ஆக ஒரு தமிழ்க் குறிக்கு ஒன்பது இடம். ‘கை’ நமக்கு ஓர் எழுத்து, யூனிகோடுக்கு ககரம் ஒன்று, ஐகாரக் குறி ஒன்று, ஆக பதினெட்டு இடம். ‘ர்’ என்றாலும் அதே கதை, புள்ளிக்குத் தனி இடம். ஸ்லக்குக்கு வேர்ட்பிரஸ் கொடுத்திருப்பதோ மொத்தம் 200 இடம். அதில் தமிழுக்கு 22 குறிதான் அடங்கும். என் தலைப்பில் 29 குறி. ‘வார்த்தைகள்’ என்ற சொல்லின் ரகரம் வரை, இடையில் வரும் மூன்று சிறு கோடுகளையும் சேர்த்து 192 ஆகிவிட்டது, அடுத்த புள்ளிக்கு இடமில்லை. பேப்பரில் எண்ணிப் பார்த்தேன், சரியாக அங்கேதான் வெட்டியிருக்கிறது. இந்த எண்ணிக்கையிலேயே அரை மணி நேரம் போனது.

வெட்டாவிட்டாலும் ஒரு சங்கடம் உண்டு. உலாவியில் அழகான தமிழாகத் தெரியும் முகவரியை நகலெடுத்து யாருக்காவது அனுப்பினால், பெரும்பாலும் சதவீதக் குறிகளாக நாலு வரிக்கு நீளும். பார்க்கிறவர் ஏதோ வைரஸ் என்று நினைத்துத் தொடவே மாட்டார்.

நண்பனுக்குப் போன் போட்டேன். “தமிழ்த் தளம்டா, முகவரியும் தமிழில்தான் இருக்கணும்” என்றான். அவன் கொள்கைக்காரன். எனக்கும் அந்த ஆசை உண்டு, பதிவுகளுக்கு இரண்டே சொல்லில் தமிழ் ஸ்லக்தான் வைக்கிறேன். ஆனால் இந்தப் பக்கத்தின் லிங்க்கைப் போனில் வாயால் சொல்ல வேண்டிவரும், தாளில் அச்சடிக்க வேண்டிவரும். கடைசியில் ஆங்கில எழுத்தில் ‘அபவுட்’ என்று ஒற்றைச் சொல்லாக வைத்தேன். அவன் இன்னும் முனகிக்கொண்டிருக்கிறான்.

ஒரு வாலுக்கு இத்தனை யோசனையா என்றால், பட்ட அடி அப்படி. இரண்டு வருஷத்துக்கு முன்பு எங்கள் பரிந்துரைப் பட்டியலின் முகவரி கொஞ்சம் நீளமாக இருக்கிறதே என்று அழகுபடுத்தினேன். வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்ட கதைதான். பதிவின் ஸ்லக்கை மாற்றினால் வேர்ட்பிரஸ் பழையதை ஞாபகம் வைத்திருந்து, பழைய லிங்க்கில் வருகிறவரைப் புதிய இடத்துக்குத் திருப்பிவிடும். பக்கத்துக்கு அந்த ஏற்பாடு கிடையாது. இரண்டும் ஒன்றுதான் என்று நானாக நினைத்துக்கொண்டேன். வேறு தளங்களில் எங்கள் பட்டியலுக்குக் கொடுத்திருந்த லிங்க் எல்லாம் நாலு மாதம் ‘பக்கம் இல்லை’ என்று சொல்லும் 404இல் போய் முட்டிக்கொண்டிருந்தன. ஒரு புண்ணியவான் சொல்லித்தான் தெரிந்தது. அதன்பிறகு பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடும் ரீடைரக்ட் போட்டேன். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, முகவரியை மாற்றாதீர்கள் என்று 1998இலேயே எழுதி வைத்திருக்கிறார். நாம் எங்கே கேட்டோம்.

மற்ற வேலை எல்லாம் சீக்கிரம் முடிந்தது. ஆளுக்கு நாலு வரி. இன்னொரு நண்பன் தன் வரிகளைப் பழைய பாமினி எழுத்துருவில் அடித்து அனுப்பியிருந்தான். ஒட்டினால் ஆங்கில எழுத்தில் உளறலாக வந்தது. யூனிகோடுக்கு மாற்றி, சந்திப்பிழை பார்த்து, படத்தைப் பார்க்க முடியாதவர்களுக்காக அதற்கு மாற்று உரை எழுதி, முன்னோட்டத்தைப் போனிலும் ஒரு தடவை பார்த்துவிட்டு பப்ளிஷை அழுத்தினேன். மணி பதினொன்றரை.

குரூப்பில் சொன்னதும் கொள்கைக்காரன் கேட்டான்: “எங்கடா இருக்கு? தளத்தில் காணோமே.”

மெனுவில் சேர்க்கவில்லை. பக்கம் வெளியானால் தானாக மெனுவில் ஏறிவிடும் என்று ஒவ்வொரு தடவையும் நம்புகிறேன். எங்கள் மெனு கையால் அடுக்கியது, அதில் நாமாகச் சேர்த்தால்தான் உண்டு. போய்ச் சேர்த்துவிட்டு வந்தேன்.

அவனிடமிருந்து இன்னொரு செய்தி: “தலைப்பு ரொம்ப நீளம். ‘நாங்கள்’ என்று மட்டும் வை, போதும்.”

மாற்றி, அப்டேட் கொடுத்தேன். வெளியான பக்கத்தின் தலைப்பை மாற்றினால் ஸ்லக் மாறாது என்று தெரியும். இருந்தாலும் முகவரிப் பட்டையை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். ‘அபவுட்’ அப்படியே இருந்தது. லேப்டாப்பை மூடிவிட்டுப் படுக்கப் போனேன்.