பொதுக் கட்டடங்களை மக்கள் அமைப்புகளிடம் ஒப்படைப்பது பற்றி

கொழும்பில் காணி என்றதும் ஒரு பேர்ச் என்ன விலை போகிறது என்பதே முதலில் எழும் கேள்வி. கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ பொதுப் பணத்தில் கட்டப்பட்டுப் பயன்பாடின்றி நிற்கும் ஒரு மண்டபத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், அதை விற்றால் எவ்வளவு வரும், எந்த முதலீட்டாளர் கேட்கிறார் என்ற திசையிலேயே பேச்சு போய்விடுகிறது. அதே கட்டடத்தை அந்தச் சுற்றாடலில் வாழும் மக்களின் அமைப்பொன்றிடம், சட்டப்படி செல்லுபடியாகும் உறுதியோடு, நீண்ட காலத்துக்கு ஒப்படைக்கலாம் என்ற யோசனை நம்மிடையே அரிதாகவே பேசப்படுகிறது. பிரித்தானியாவில் அது பல ஆண்டுகளாக நடைமுறையில் இருந்துவருகிறது. அங்கு கிடைத்த பலனையும் பட்ட பாட்டையும் நாம் அறிந்திருப்பது நல்லது.

இங்கிலாந்தின் 1972 ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டத்தின் 123 ஆம் பிரிவு, சபையொன்று தன் காணியைக் கைமாற்றும்போது நியாயமாகப் பெறக்கூடிய மிகச் சிறந்த விலைக்கே கொடுக்க வேண்டும் என்று விதிக்கிறது. ஏழு ஆண்டுகளுக்கு மேற்படாத குத்தகைகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. 2003 இல் அரசாங்கம் வழங்கிய பொது அனுமதியின்படி, அப்பகுதியின் பொருளாதார, சமூக அல்லது சுற்றாடல் நலனுக்கு உதவும் என்று சபை கருதினால், சந்தை விலையைவிட 20 இலட்சம் பவுண் வரை குறைத்தும் கொடுக்கலாம். காணியின் பயன் அதன் விலைக்குள் அடங்கிவிடுவதில்லை என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட இடமாக நான் இதைப் பார்க்கிறேன். இவ்வாறு ஒப்படைப்பதில் உள்ள நன்மை தீமைகளை ஆராய்ந்து, அப்போது லண்டனின் லூயிஷம் சபையின் தலைமை நிர்வாகியாக இருந்த பாரி குவெர்க் 2007 இல் அளித்த அறிக்கை, இடர்கள் இருந்தாலும் அவற்றைத் திட்டமிட்டுக் கையாள முடியும் என்ற முடிவுக்கு வந்தது.

ஸ்கொட்லாந்து இன்னும் ஒரு படி மேலே சென்றது. அங்கு 2015 இல் நிறைவேற்றப்பட்ட சமூக வலுவூட்டல் சட்டத்தின் ஐந்தாம் பகுதி 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபின், தகுதியுள்ள மக்கள் அமைப்பொன்று பொது நிறுவனத்தின் கட்டடத்தை விலைக்கோ குத்தகைக்கோ பாவனைக்கோ கேட்டு விண்ணப்பிக்கலாம். மறுப்பதற்கு நியாயமான காரணம் இல்லாவிட்டால் அந்த நிறுவனம் சம்மதித்தே ஆக வேண்டும். மறுத்தால் மேன்முறையீடும் உண்டு. தன்னிடம் உள்ள காணிகளின் பதிவேட்டை வெளியிட வேண்டிய கடமையும் அதே சட்டத்தில் இருக்கிறது.

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜெஸ்மண்ட் பகுதியில் சபை 1991 இல் மூடிவிட்ட நீச்சல் தடாகத்தை அப்பகுதி மக்களே பொறுப்பேற்று 1992 இல் மீண்டும் திறந்தார்கள். லீட்ஸ் நகரில் 1904 இல் திறக்கப்பட்ட பிராம்லி நீராடுநிலையம் 2013 முதல் மக்கள் அமைப்பொன்றினால் நடத்தப்படுகிறது. இத்தகைய நல்ல உதாரணங்களை மட்டும் அடுக்கினால் படம் முழுமையாகாது. 2010 க்குப் பின் செலவுக் குறைப்பு இறுகியபோது, பராமரிக்க வழியற்றுப்போன சபைகளுக்குப் பழுதடைந்த கட்டடங்களைக் கைகழுவும் வழியாகவும் இந்த ஏற்பாடு அமைந்துவிட்டது. ஒழுகும் கூரையையும் பழைய மின்கம்பிகளையும் ஒரு தொண்டர் குழுவின் தலையில் ஏற்றிவிட்டு அதற்கு வலுவூட்டல் என்று பெயர் வைப்பது அநீதி என்றே நான் கருதுகிறேன். ஒப்படைக்கும் முன் தகுதிவாய்ந்த பொறியியலாளர் ஒருவர் கட்டடத்தைப் பரிசோதித்து, முதல் பத்து ஆண்டுகளுக்கு என்ன செலவு வரும் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்த அறிக்கை கைக்கு வரும்வரை எந்தச் சங்கமும் கையொப்பமிடக் கூடாது.

கொழும்பில் இதைவிட அடிப்படையான குறைபாடு ஒன்று உண்டு. மாலை வகுப்பு நடத்தும் இளைஞர் மன்றமோ, மாதர் சங்கமோ, முதியோர் ஒன்றுகூடும் குழுவோ பொது மண்டபம் ஒன்றைப் பெறும்போது பெரும்பாலும் கையில் கிடைப்பது அனுமதிக் கடிதம் மட்டுமே. எங்கள் பகுதியில் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தும் சங்கமும் அவ்வாறான கடிதத்தை ஆண்டுதோறும் புதுப்பித்தே இயங்கிவருகிறது. கழிவறையைத் திருத்தவும் மின்விசிறி பொருத்தவும் நன்கொடையாளர்களை அணுகினால், அந்த இடத்தில் உங்களுக்கு எத்தனை ஆண்டு உரிமை இருக்கிறது என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயமே. 1840 ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் உறுதியாக எழுதப்பட வேண்டும் என்பதால், கடிதத்தை நம்பி யாரும் இலட்சக்கணக்கில் செலவிடத் துணிவதில்லை. ஆட்களின் தயவில் நிற்கும் எந்த ஏற்பாடும் ஆட்கள் மாறும்போது ஆட்டம் காணும். 2023 மார்ச்சில் நம் உள்ளூராட்சிச் சபைகளின் பதவிக்காலம் முடிந்து, 2025 மே மாதத் தேர்தல் வரை நிர்வாகம் ஆணையாளர்களின் கையில் இருந்தபோது, சபை உறுப்பினரைப் பிடித்துக் காரியம் பார்க்கும் வழியும் அடைபட்டிருந்தது.

ஆகவே நான் கேட்பது தானத்தை அன்று, காலத்தை. குறைந்தது 25 ஆண்டுகளுக்கான குத்தகை உறுதியும், பராமரிப்புச் செலவை யார் எவ்வளவு ஏற்பது என்ற தெளிவான வாசகமும், சோலைவரி பற்றிய முன்கூட்டிய உடன்பாடும் இருந்தால் போதும். உரிமை சபையிடமே இருக்கட்டும்.

யாரிடம் ஒப்படைப்பது என்பது இதைவிடக் கடினமான கேள்வி. ஜிந்துப்பிட்டியிலும் முகத்துவாரத்திலும் கிராண்ட்பாஸிலும் ஒரே தோட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கிறார்கள். அங்குள்ள பொது மண்டபம் ஒரு கோயில் பரிபாலன சபையின் கைக்கோ, பள்ளிவாசல் நிர்வாகத்தின் கைக்கோ, விகாரையின் கைக்கோ, ஒரு கட்சிக் கிளையின் கைக்கோ போய்விட்டால், மற்றவர்கள் அந்த வாசலை மிதிக்கத் தயங்குவார்கள். தமிழ்ச் சங்கங்களில் உழைக்கும் நாம் இதை முதலில் நமக்கே சொல்லிக்கொள்ள வேண்டும்: நம்மிடம் ஒப்படைக்கப்படும் மண்டபத்தில் அடுத்த வீட்டுச் சிங்களப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் சமமான இடம் இருக்க வேண்டும், நிர்வாகக் குழுவில் அவர்களின் பெற்றோரும் இருக்க வேண்டும். பிரித்தானியாவில் 2005 முதல் பதிவாகிவரும் சமூக நல நிறுவனங்கள் தம் சொத்தை உறுப்பினருக்குள் பங்கிட முடியாதபடி சட்டம் தடுத்திருக்கிறது. இங்கும் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பங்குதாரர் இல்லாத, உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிவுசெய்து, அதே தடையை யாப்பில் எழுதிக்கொள்ளலாம். சங்கம் கலைந்தால் கட்டடம் சபைக்கே திரும்பும் என்ற நிபந்தனையைக் குத்தகை உறுதியிலேயே சேர்த்துவிட வேண்டும். இல்லையேல் ஒரு தலைமுறைக்குள் அது ஏதோ ஒரு குடும்பத்தின் சொத்தாகிவிடும் அபாயம் இருக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, எந்தெந்தக் கட்டடங்கள் வெறுமையாக இருக்கின்றன என்பது மக்களுக்குத் தெரிய வேண்டும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் அந்தப் பட்டியலைக் கேட்கலாம். சபையின் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தம் முடிவை அறிவிக்க வேண்டும், மறுத்தால் மேன்முறையீட்டுக்கும் வழி இருக்கிறது. வட்டாரத்தின் பெயர், கட்டடம் இப்போது எதற்குப் பயன்படுகிறது, கடைசியாக எப்போது திருத்தப்பட்டது, யாருக்காவது குத்தகைக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்ற நான்கு விபரங்களையும் விண்ணப்பத்தில் தனித்தனியாகக் கேளுங்கள். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதுங்கள்.