சுத்தமா எடுத்துருங்க

"இதையும் எடுக்கவா சார்?" என்று ஊருணிக் கரையில் ஜேசிபிக்காரர் கேட்டார். வாடகை மணிக்கணக்கு, ஊராட்சிக் கணக்கில் மிச்சமும் குறைவு. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "சுத்தமா எடுத்துருங்க" என்றேன்.

சீமைக் கருவேலத்தை எடுத்ததில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017-லேயே உத்தரவிட்டது. 2022-ல் அரசு அதற்கென்று கொள்கையும் கொண்டுவந்தது. ஊருணி தூர்ந்துபோய்க் கிடந்தது, அதுவும் உண்மை. ஆனால் முள்ளோடு பின்னிக் கிடந்த பிரண்டை, கோவை, தூதுவளை, முசுமுசுக்கை எல்லாம் அதே வாளியில் போய்விட்டன.

மறுநாள் ஆத்தா ஒருவர் அலுவலகத்துக்கே வந்தார். சண்டை போடவில்லை. "மழ இல்லாத வருசமெல்லாம் எங்க வீட்டுக் கொழம்பு அந்தக் கரையிலதானப்பா கெடந்துச்சு" என்றார். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததே, அதுபோன்ற வருடங்களைத்தான் சொல்கிறார். பிரண்டை தண்டிலேயே நீர் வைத்திருக்கும். கோவைக்கு மண்ணுக்குள் கிழங்கு உண்டு. தோட்டத்துக் காய் கருகினாலும் இவை நிற்கும்.

"மறுபடி முளைக்கும் ஆத்தா" என்றேன்.

"எது முளைக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்ல வழியில்லை. 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஊராட்சிதோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு வேண்டும்; ஊரிலுள்ள செடிகொடி, உயிரினங்களைப் பற்றி மக்கள் அறிந்ததை எழுதிவைக்கும் ஏடு அது. பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31 என்று கெடு வைத்ததால் அவசரமாக எழுதினோம். அப்போது இதே ஆத்தாவின் திண்ணையில் உட்கார்ந்துதான் கேட்டேன். முசுமுசுக்கை அடை சளிக்கு நல்லது என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. இயந்திரம் வந்த அன்று அந்தப் பதிவேடு பீரோவில் இருந்தது.

பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவைக் கூட்டிக் கேட்டிருக்கலாம். கூட்டியிருந்தாலும் ஆத்தா அதில் உறுப்பினர் இல்லை. நூறு நாள் வேலை ஆட்களை விட்டிருக்கலாம். சரி, கருவேல வேரை அவர்கள் எப்படிப் பறிப்பார்கள்? இப்படி நானே கேட்டு நானே பதிலும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் ஊருணியின் உள்பக்கம் இயந்திரம், கரையின் வெளிச்சரிவில் ஆட்கள் என்று பிரித்திருக்கலாமே. பத்து நிமிஷம் யோசித்திருந்தால் போதும்.

ஐப்பசி மழைக்கு முதலில் தலைகாட்டியது சீமைக் கருவேலங்கன்றுதான். அப்புறம் ஒரு மூலையில், அறுந்து கிடந்த துண்டிலிருந்து பிரண்டை தழைத்தது. முசுமுசுக்கையைக் காணவில்லை. பதிவேட்டில் 'முன்பு', 'இப்போது' என்று இரண்டு கட்டங்கள் உண்டு. இரண்டாவதை இன்னும் நான் திருத்தவில்லை. ஆத்தாவிடம் விதை இருக்குமா என்று கேட்க இரண்டு தடவை கிளம்பி, அவர் தெருமுனை வரை போய்த் திரும்பியிருக்கிறேன்.