மேட்டுக்கு ஏறும் மண்டபம்

ஜூன் 7, 2025

சேரன்மகாதேவி பக்கம், தாமிரபரணிக் கரையில் ஒரு தோப்பு. காதுகுத்து, நிச்சயதார்த்தம் நடத்த நூறு பேர் உட்காரும் மண்டபம் வேண்டுமாம் தோப்புக்கார அண்ணாச்சிக்கு. மோட்டார் ரூம் சுவரில் 2023 டிசம்பர் வெள்ளத்தின் கறை என் நெஞ்சளவுக்கு நிற்கிறது.

"அண்ணாச்சி, இங்க காங்கிரீட் கட்டுனா ஆத்துக்கு எழுதிக் கொடுத்த மாதிரிதான்" என்றேன்.

"பெறவு என்ன செய்ய தம்பி?"

திருநெல்வேலியில் இதே ஆற்றுக்குள் கோயில் கொண்ட குறுக்குத்துறை முருகனைச் சொன்னேன். வெள்ளம் வந்தால் உற்சவரைக் கரை மேலிருக்கும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். நம் மண்டபமும் ஐப்பசிக்கு முன்னால் கழன்று மேட்டுக்கு ஏறட்டும். முழுக்க இரும்பு, முழுக்க போல்ட். யோசித்துவிட்டுச் சரி என்றார்.

ஜூன் 19

அகலம் 12 மீட்டர். லாரியில் அடங்க, கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை (truss) ஆறு ஆறு மீட்டராகப் பிரித்தாயிற்று.

ஜூலை 24

ஆடிக் காற்று இன்று தோப்பையே ஆட்டியது. இரும்புக் கூரைக்குப் பாரத்தைவிடக் காற்று மேலே தூக்குவதுதான் பயம். அஸ்திவாரம் தோண்டாமல் தூணுக்கு ஒரு காங்கிரீட் கட்டை: ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம், சுமார் 2.4 டன். தண்ணீரில் மூழ்கினால் அதில் ஒரு டன்னை ஆறு வாங்கிக்கொள்ளும், 1.4தான் மிச்சம். அதனால் வெள்ளத்தில் இந்தக் கட்டையை நம்பி எதையும் நிறுத்தக்கூடாது. கிரேன் தூக்கக் கட்டையிலும் கொக்கி வைத்தோம்.

ஆகஸ்ட் 9

பட்டறையில் ஒத்திகை பார்த்தோம். மூன்று போல்ட் ஏறியது, நான்காவது ஏறவில்லை. 20 மில்லி போல்ட்டுக்கு 22 மில்லி ஓட்டை. அது நாலு மில்லி தள்ளிப் போயிருந்தது. பையன் சுத்தியலை எடுத்தான். "அடிக்காதலே!" என்று கையைப் பிடித்தேன். அடித்தால் இன்று ஏறும், வருஷா வருஷம் கழற்ற வேண்டுமே. கால்வனைசிங் (துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகப் பூச்சு) முடிந்த பிறகு ஓட்டையை அறுத்துப் பெரிதாக்கினால் பூச்சு போய் அங்கேதான் துரு பிடிக்கும். கனத்த தகட்டில் ஓட்டைகளுக்கு ஒரே அளவு அச்சு (டெம்ப்ளேட்) செய்து, அந்தப் பக்கம் எல்லாத் தகடும் புதிதாகத் துளைத்தோம். மூன்று நாள் போயிற்று. போகட்டும்.

செப்டம்பர் 7

முதல் காதுகுத்து. குழந்தை அழுத சத்தத்தை மீறி ஆற்றுச் சத்தம் கேட்டது. அவ்வளவு பக்கம்!

அக்டோபர் 11

காலை ஆறு மணிக்குக் கழற்ற ஆரம்பித்தோம். சாயங்காலம் கடைசித் தூணும் மேட்டில், கட்டைகளும் மேட்டில். அப்புறம் போல்ட்டுகளை எண்ணிக் கிரீஸ் தடவினோம். மூன்று குறைகிறது. அண்ணாச்சி டார்ச் பிடிக்க, புல்லில் தேடிக்கொண்டிருக்கிறோம்.