குனியாம நில்லுங்க, ப்ளீஸ்!

டோக்கியோவில் போட்டோகிராபர் என்றதும் ஊரிலிருந்து பேசுகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஃபூஜி மலையை எடுத்தாச்சா?" அதை எடுக்க ஆளுக்கா பஞ்சம்? ஃபூஜிகவாகுச்சிகோ என்ற ஊரில் ஒரு லாசன் கடையும் அதன் தலைக்கு மேலே மலையும் சேர்ந்து தெரிகிறது என்று கூட்டம் நடுரோட்டில் நின்று படம் பிடித்தது. பொறுத்துப் பார்த்து முடியாமல் 2024 மே மாதம் 20 மீட்டர் நீளத்துக்குக் கருப்புத் திரையே கட்டிவிட்டார்கள். சில நாளில் அதிலும் கேமரா கண் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டார்கள் புண்ணியவான்கள். அந்தப் போட்டிக்கு நான் போவதில்லை. எனக்குச் சோறு போடுவது மூன்று, ஐந்து, ஏழு வயதுப் பிள்ளைகள்.

ஷிச்சி-கோ-சான் என்று ஒரு சடங்கு. பெண் குழந்தைக்கு மூன்றிலும் ஏழிலும், பையனுக்கு ஐந்திலும் கிமோனோ உடுத்தி, ஷின்டோ கோவிலுக்குக் கூட்டிப்போய், இதுவரை நல்லபடியாக வளர்ந்ததற்கு நன்றி சொல்வார்கள். முறைப்படி நவம்பர் 15. ஆனால் எல்லாருக்கும் ஆபீஸ் இருக்கிறதே, அதனால் அக்டோபர், நவம்பர் சனி ஞாயிறெல்லாம் கோவிலில் இதே கூட்டம்தான்.

நல்ல நாள் பார்ப்பதில் இவர்கள் நம் ஆட்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை. காலண்டரில் ஒவ்வொரு தேதிக்குக் கீழேயும் ஆறு பெயர்களில் ஒன்று இருக்கும். தாய்-ஆன் என்றால் உத்தமம். புத்சுமெத்சு ஆகாது, அன்றைக்குக் கல்யாண மண்டபங்களே தள்ளுபடி கொடுக்கும். தோமோபிகி அன்று சாவு எடுக்க மாட்டார்கள், போகிறவர் கூட ஒருத்தரை இழுத்துக்கொண்டு போய்விடுவாராம். சனிப் பிணம் தனிப் போகாது என்று கேட்டு வளர்ந்தவன் நான். இதைக் கேட்டதும் டோக்கியோ கொஞ்சம் பக்கத்தில் வந்த மாதிரி இருந்தது.

நவம்பர் ஞாயிறும் தாய்-ஆனும் ஒன்றாக வந்தால் தீர்ந்தது. போன வருஷம் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தான் நம்ம மாப்பிள்ளை.

வயது ஐந்து. முதுகில் கழுகு போட்ட கருநீல மேலங்கி, பாவாடை மாதிரி மடிப்பு வைத்த, கோடு போட்ட ஹகாமா, இடுப்பில் பட்டுப் பையில் செருகிய குட்டிக் குத்துவாள், கையில் வெள்ளை விசிறி. எல்லாம் வாடகை. கால் மட்டும் சொந்தம், அது புதுச் செருப்புக்குள் போக மறுத்தது. அவன் ஒருத்தனுக்குத் துணையாக அப்பா, அம்மா, இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி, மொத்தம் ஆறு பெரியவர்கள். பிள்ளைகள் குறைந்துபோன நாட்டில் ஒரு பேரனுக்குக் கிடைக்கிற ராஜ மரியாதையைப் பார்க்க வேண்டுமே! மூக்கு ஒழுகினால் ஆறு டிஷ்யூ நீளும்.

முதலில் உள்ளே பூஜை. பூசாரி பிள்ளையின் பெயர், முகவரி எல்லாம் வாசித்து வேண்டுவார். அந்த நேரம் படம் எடுக்க அனுமதி இல்லை, நான் வெளியே நின்றேன். எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: பையன் கையில் மிட்டாய் வருவதற்குள் அவனை ஒரு படமாவது எடுத்துவிட வேண்டும். நடக்குமா? பூஜை முடிந்த கையோடு கோவிலிலேயே கொடுத்துவிடுகிறார்கள். சிதோசே-அமே, ஆயிரம் வருஷ மிட்டாய். விரல் தடிமனில் நீளக் குச்சியாக ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. மிட்டாய் நீளமானால் ஆயுசும் நீளமாம். கொக்கும் ஆமையும் அச்சடித்த காகிதப் பை, பிள்ளையின் முழங்காலைத் தாண்டித் தொங்கும். மாப்பிள்ளை வெளியே வரும்போதே வாயில் சிவப்புக் குச்சி. ஆறு பேரில் யார் பிரித்துக் கொடுத்தது என்று கடைசி வரை துப்பு கிடைக்கவில்லை.

கல்பாவிய பாதையில், மஞ்சள் பிடித்த கிங்கோ மரத்தடியில் ஏழு பேரையும் நிறுத்தினேன். வெளிச்சம் அருமை. கேமராவைத் தூக்கினேன். அந்த நேரம் பார்த்து ஒரு வயதான தம்பதி பாதையில் வந்து, படத்துக்கு நடுவே போகக் கூடாது என்று ஓரமாக நின்றுவிட்டார்கள்.

"பரவாயில்லை, நீங்க போங்க" என்றேன்.

"இல்லை இல்லை, நீங்க முடிங்க" என்று குனிந்தார்கள்.

காக்க வைத்துவிட்டோமே என்று என் குடும்பம் மொத்தமும் அவர்களைப் பார்த்துக் குனிந்தது. கிளிக். ஆறு உச்சந்தலை. இவர்கள் குனிந்தால் அவர்கள் சும்மா நிற்க முடியுமா? அவர்களும் குனிந்தார்கள், இன்னும் கொஞ்சம் ஆழமாக. அதற்குள் அவர்கள் பின்னால் இன்னொரு குடும்பம், ஏழு வயதுப் பெண்ணோடு. அதற்குப் பின்னால் தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒருத்தர். யாருமே கடக்கவில்லை, எல்லாரும் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். குனியாமல் நிமிர்ந்து நின்றவன் மாப்பிள்ளை மட்டும்தான், மிட்டாய் சப்பிக்கொண்டு. ஆகா, இந்தப் படம் நன்றாக வரும் என்று விரலை வைத்தேன். தாத்தா ஒருவர் அதைக் கவனித்துவிட்டார். பேரனின் தலையில் கை வைத்து அமுக்கி, அவனையும் குனிய வைத்தார்.

கடைசியில் அந்தத் தம்பதி உடம்பைச் சுருக்கி, ஒரு கையைக் கத்தி மாதிரி முன்னால் நீட்டிக் காற்றை வெட்டிக்கொண்டே, கேமராவுக்குக் கீழே போவதாக நினைத்து, சரியாக நடுவிலேயே போனார்கள். பின்னால் நின்றவர்களும் அப்படியே.

அடுத்தது சிரிப்பு. இங்கே பிள்ளைகளைச் சிரிக்க வைக்க "ஒண்ணும் ஒண்ணும் எவ்வளவு?" என்று கேட்பது வழக்கம். இரண்டு என்பதற்கு "நீ" என்று இழுத்துச் சொல்லும்போது பல் தானாகத் தெரியும். நானும் கேட்டேன். மாப்பிள்ளை குச்சியை வாயிலிருந்து எடுத்து, யோசித்து, "பதினொண்ணு" என்றான். ஆறு பெரியவர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் மட்டும் சிரிக்கவில்லை. கணக்கில் என்ன தப்பு என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. போனை நீட்டி எல்லாரையும் சேர்த்து ஒரு செல்ஃபி எடுத்தார். அங்கேதான் வம்பு. அப்பா வழிப் பாட்டி அந்தப் படத்தைப் பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது. "ஐயையோ! கழுத்துப் பட்டியை மாத்திக் கட்டியிருக்கு!"

கிமோனோவில் இடது பக்கம்தான் மேலே வரவேண்டும். வலது மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்துகிற முறை. நல்ல நாளும் அதுவுமாகப் பேரனுக்கு இப்படியா! பாட்டி பேரனின் கழுத்தைப் பிடித்துப் பட்டியை இழுக்க ஆரம்பித்தார். "அத்தை, கடையில் கட்டி விட்டாங்க, சரியாத்தான் இருக்கும்" என்று மருமகள் கெஞ்ச, சம்பந்தியம்மா வேறு திசையில் இழுக்க, நடுவில் மாப்பிள்ளை ஓவென்று அலற, சிவப்புக் குச்சி போய் வாடகை அங்கியின் கழுகில் ஒட்டிக்கொண்டது.

நான் ஓடிப்போய் என் கேமரா திரையைக் காட்டினேன். அதில் இடதுதான் மேலே. பாட்டி நம்பவில்லை. பையனை நேரில் பார்த்தார், போனைப் பார்த்தார், மறுபடி பையனைப் பார்த்தார். "பாட்டி, மிட்டாய்ப் பையில் இருக்கிற எழுத்தைப் படிங்க" என்றேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனை மூக்கருகே வைத்து அந்த ஜப்பானிய எழுத்தைப் பார்த்தார். எழுத்து இடவலம் மாறி நின்றது. கண்ணாடியில் தெரிவதுபோல் அப்படியே சேமிக்கிற மாதிரி வைத்திருக்கிறார் மகன், அவ்வளவுதான். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. மகனைப் பார்த்த பார்வை போதுமானதாக இருந்தது.

ஈரத் துணியால் கழுகைத் துடைத்து முடித்தபோது பாட்டி என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "இன்னைக்கு நல்ல கிமோனோ. தலையும் பார்லரில் செஞ்சது. அப்படியே எனக்கு ஒண்ணு எடுத்துடுறீங்களா? சாவுக்கு வைக்க."

இங்கே இது சாதாரணம். இறுதிச் சடங்கில் வைக்கும் படத்தை உயிரோடு இருக்கும்போதே, பிடித்த உடையில் எடுத்து வைத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். கடைசி நேரத்தில் பிள்ளைகள் ஏதோ சுற்றுலாப் படத்தைத் தேடிப் பெரிதாக்கி மங்கலாகத் தொங்கவிடுவதற்கு இது மேல் என்பது என் கட்சி.

பாட்டி மரத்தடியில் நின்றார். அன்றைக்கு நான் எடுத்ததிலேயே சுலபமான படம். குனியவில்லை, இரண்டு விரலை 'வி' மாதிரி விரித்துக் காட்டவும் இல்லை. அதைப் பார்த்துத் தாத்தா டையைச் சரி செய்துகொண்டு வரிசையில் நின்றார். சம்பந்திகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, "அப்ப எங்களுக்கும்..." என்று வந்தார்கள். நாலு பேரும் முறை வைத்து, நீங்க முதல்ல, இல்லை நீங்க முதல்ல என்று உபசாரம் வேறு.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை வெள்ளைக் குச்சியோடு வரிசையின் கடைசியில் வந்து நின்றான். "எனக்கும் எடுங்க!"

"உனக்கு வேண்டாம்!" என்று ஆறு பேரும் ஒரே குரலில் அலறினார்கள்.

அந்த ஆறு முகங்களையும் பார்த்துப் பயல் வாயெல்லாம் சிவப்பாகச் சிரித்தான் பாருங்கள். எடுத்துவிட்டேன்.