கொல்லையில் உட்கார ஓர் இடம்

செட்டிநாட்டு வீட்டில் உட்கார இடத்துக்குப் பஞ்சம் இருக்காது. தெருப்பக்கம் திண்ணை, உள்ளே வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றித் தாழ்வாரம், இரண்டாம் கட்டில் சாப்பாட்டுப் பத்தி என்று போய்க்கொண்டே இருக்கும். ஆனால் திண்ணை தெருவைப் பார்க்கும், மற்றதெல்லாம் வீட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கும். சாயங்காலம் நாலு பேர் மரத்தடிக் காற்றில் உட்கார்ந்து பேச, ராத்திரி வெளியில் சாப்பிட ஓர் இடம் வேண்டுமென்றால் பெரும்பாலான வீடுகளில் கிடையாது. காரைக்குடியை ஒட்டிய கிராமத்தில் இருக்கும் எங்கள் வீட்டில், அடுப்படிக்குப் பின்னால் வற்றலும் வடகமும் காயப்போடும் பழைய சிமென்ட் தளம் ஒன்று மட்டும் இருந்தது. நடுவில் இறங்கி, விரிசல் விட்டு, மழைக்காலத்தில் அங்கே குளம்தான். அதை எடுத்துவிட்டு இப்போது இருபதடி நீளம், பன்னிரண்டடி அகலத்தில் ஒரு வெளித்தளம் போட்டிருக்கிறோம். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

மகள் வெளிநாட்டிலிருந்து படம் படமாக அனுப்பினாள். எல்லாம் மரப்பலகை டெக். தரையிலிருந்து தூக்கி, கீழே காலியாக விட்டு, மேலே பலகை அடித்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எங்கள் கொத்தனார் படத்தைப் பார்த்துவிட்டு, "ஆச்சி, பலகைக்குக் கீழ இருட்டா இப்படிச் சந்து விட்டா, நாம கூப்பிடாமலே ஆளு வந்து குடியிருக்கும்" என்றார். அவர் சொன்ன ஆள் பாம்பு. பக்கத்தில் ஊருணிக்கரை, சுற்றிலும் ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீடுகள், எலிக்குக் குறைவில்லை. அதோடு செம்மண்ணில் கரையான். மரமும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த பலகையைக் கரையான் தொடாது என்று ஒரு கடைக்காரர் துண்டு ஒன்று கொடுத்தார். அதை மதிய வெயிலில் கிடத்திவிட்டுப் பிறகு கால் வைத்துப் பார்த்தோம். வைத்த காலை உடனே எடுக்க வேண்டியிருந்தது. வெறுங்காலோடு நடமாடும் வீட்டில் அது சரிப்படாது. ஆகவே உள்ளே மண் நிரப்பிக் கெட்டித்த மேடைதான் என்று முடிவானது.

அடுத்து பங்காளிகள். இது இல்லாமல் செட்டிநாட்டில் எந்த வீட்டு வேலையும் நகராது. கொல்லையில் இந்தப் பகுதி எங்கள் பங்கு என்றாலும் பின்சுவர் எல்லோருக்கும் பொது. சுவரில் ஓர் ஆணி அடித்தாலும் சென்னையில் இருக்கும் பெரியப்பச்சி வீட்டிலும் கோவையில் இருக்கும் அண்ணமிண்டியிடமும் (அண்ணி) சொல்ல வேண்டும். சுவரைத் தொடாமல் இரண்டடி தள்ளித் தனியாக நிற்கும் மேடை என்றதும் யாருக்கும் மறுப்பு இல்லை. இந்த இரண்டடி இடைவெளி கட்டடத்துக்கும் நல்லதாக அமைந்தது. எங்கள் வீட்டுச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். அதை ஒட்டி ஈரமண்ணை நிரப்பிச் சிமென்ட்டால் மூடினால், ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவரில் ஏறி உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து கொட்டும். வீட்டு ஓட்டிலிருந்து கொட்டும் தாவாரத் தண்ணீருக்கும் ஒரு வழி வேண்டும். இடைவெளியைக் கல் பாவிய வாய்க்காலாக்கி, கதவுக்கு நேரே மட்டும் ஒரு கருங்கல் பலகையைப் பாலம் மாதிரி போட்டோம்.

வெயிலைப் பற்றி யோசித்ததுதான் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வீடு கிழக்குப் பார்த்தது. அப்படியென்றால் கொல்லை மேற்கு, சாயங்கால வெயில் நேராக முகத்தில் அடிக்கும். காரைக்குடி ஏறக்குறைய 10 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை பிறக்கும் சமயத்தில் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்துவிடும். அதற்குப் பிறகு ஆவணி முற்பகுதி வரை மதியச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். வடக்குப் பக்கம் எப்போதும் நிழல் என்று பலர் நம்பிக்கொண்டிருப்பது கோடையில் இங்கே செல்லாது. வைகாசி, ஆனியில் சூரியன் மறைவதும் நேர் மேற்கில் இல்லை, வடக்கே ஒதுங்கித்தான். மார்கழியில் அதுவே தெற்கே ஒதுங்கிவிடும். ஆக, கோடைச் சாயங்காலத்துக்கு நிழல் வேண்டுமென்றால் வடமேற்கில் மறைப்பு இருக்க வேண்டும். எங்கள் கொல்லையில் வடபுறம் ஒரு பெரிய வேம்பு நிற்கிறது. மேடையைப் பழைய தளம் இருந்த இடத்திலேயே போடாமல் தெற்கே இழுத்ததில், மரம் சரியாக வடமேற்கு மூலைக்கு வந்துவிட்டது. மார்கழியில் தென்மேற்கு வெயில் தளத்தில் விழுகிறது. அந்த மாதத்தில் அது சுகம்தான். வேரை வெட்டவும் இல்லை, அடிமரத்தைச் சுற்றி மண் ஏற்றவும் இல்லை. பங்குனி, சித்திரையில் தளம் முழுக்க வேப்பம்பூ. ரசத்துக்குத் தனியாகப் பொறுக்கப் போக வேண்டாம், விளக்குமாற்றால் கூட்டினாலே போதும்.

அளவை முடிவு செய்யக் காகிதத்தில் வரைந்ததைவிட, தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, வீட்டில் இருக்கும் மேசை நாற்காலிகளையும் கயிற்றுக் கட்டிலையும் தூக்கி வந்து உள்ளே போட்டுப் பார்த்ததுதான் உதவியது. உட்கார்ந்தவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழ வேண்டும், அவருக்குப் பின்னால் ஒருவர் சாம்பார் வாளியோடு போக வேண்டும். பத்தடி அகலத்தில் அது இடித்தது, பன்னிரண்டில் இடிக்கவில்லை. உயரம் ஒன்றரை அடி, ஆறங்குல ஏற்றத்தில் மூன்று படி. வயதானவர்களுக்காகப் படியின் மிதி பன்னிரண்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்று சொல்லிவிட்டேன். வீட்டுத் தளத்தைவிட மேடை ஒரு படி தாழ்வு. எவ்வளவு பெய்தாலும் தண்ணீர் கதவுப் பக்கம் வராது.

சுற்றுச்சுவரைச் செம்புராங்கல்லில் எழுப்பினோம். ஊருணிப் படித்துறைகளில் பார்த்திருப்பீர்கள், வெட்டும்போது மிருதுவாக இருந்து காற்றுப்பட்டு இறுகும் கல். உள்ளே கிராவலை அரையடி அரையடியாகக் கொட்டி, தண்ணீர் விட்டு, திம்சுக்கட்டை போட்டு இடித்துக் கெட்டித்தார்கள். இந்த வேலையில் அவசரப்படுத்தவே கூடாது. பழைய தளம் நடுவில் இறங்கியதற்குக் காரணம், அதைப் பெயர்த்து எடுத்தபோது தெரிந்தது. கீழே கெட்டிக்காத மண்ணும் ஓட்டுத்துண்டும்தான் இருந்தன. புது மேடையில், கெட்டித்த கிராவலுக்கு மேல் ஒன்றுக்கு நாலு எட்டு கலவையில் (ஒரு பங்கு சிமென்ட், நாலு பங்கு மணல், எட்டு பங்கு ஜல்லி) நாலங்குலத்துக்கு ஜல்லித்தளம்.

இனி வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சாய்வு. மேடை 240 சதுர அடி, அதாவது சுமார் 22 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஐப்பசியில் ஒரே ராத்திரியில் 50 மில்லிமீட்டர் கொட்டினால், இந்த மேடையிலிருந்து மட்டும் 1,100 லிட்டர் எங்கேயாவது போயாக வேண்டும். திறந்தவெளிப் பாதியில் அடிக்குக் கால் அங்குல வாட்டம், கூரைக்குக் கீழ் வரும் பாதியில் அதில் பாதி. அங்கேதான் மேசை நிற்கும், சாய்வு தெரியக் கூடாது. ஓடு பதிக்கும் முன்பே வெறும் ஜல்லித்தளத்தில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். தேங்கிய இடங்களைக் கரித்துண்டால் வட்டம் போட்டுக் காட்ட, கொத்தனார் முனகிக்கொண்டே சரிசெய்தார். தண்ணீர் மேற்கு ஓரத்து ஜல்லி வாய்க்காலில் விழுந்து உறிஞ்சுகுழிக்குப் போகிறது. 2003ல் மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு கட்டாயமாக்கியபோது தோண்டிய குழிதான். பிறகு யாரும் திறந்து பார்க்கவில்லை. மண்ணும் சருகும் மூடிக் கிடந்ததை வாரிவிட்டுக் கூழாங்கல்லும் மணலும் புதிதாகப் போட்டோம்.

தரைக்கு ஆத்தங்குடிக் கல் போடலாமே என்று வந்தவரெல்லாம் கேட்டார்கள். பக்கத்து ஊர்ச் சரக்கு, எனக்கும் ஆசைதான். ஆனால் அது சூளையில் சுட்டது அல்ல. கண்ணாடிப் பலகை மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பது. அந்தக் கண்ணாடிதான் அதற்கு வழுவழுப்பைக் கொடுக்கிறது. வளவுக்குள் கால்பட்டுக் கால்பட்டு மெருகேறும் அதே கல், வெட்டவெளியில் வெயிலுக்கு நிறம் மங்கும், மழையில் வழுக்கும். அதனால் கூரைக்குக் கீழே இருக்கும் உட்காரும் திண்டின் முகத்தில் மட்டும் ஒரு வரிசை பதித்தோம். தரை முழுக்க மொட்டைமாடிக்குப் போடும் சுட்ட தட்டோடு. பதிக்கும் முன் தண்ணீரில் நன்றாக ஊறப்போட வேண்டும், இல்லாவிட்டால் கலவையின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிட்டுப் பிறகு பெயர்ந்து வரும். இடைச்சந்துக்கு ஒரு பங்கு சிமென்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல். கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைக்கும் பழைய சுண்ணாம்புக் காரையை எங்கள் கொத்தனார் சின்ன வயதில் பார்த்திருக்கிறாராம். இப்போது அதை அரைத்துக் கொடுக்க ஆள் அமையவில்லை.

திண்டைப் பற்றி ஒரு வார்த்தை. பதினாறு அங்குல உயரம், ஒன்றரை அடி அகலம், தெற்கு ஓரம் முழுக்க. நாற்காலியே தேவைப்படாத அளவுக்கு எல்லோரும் அதில்தான் உட்காருகிறார்கள். முதலில் இரும்புக் கைப்பிடி போடச் சொல்லிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் இப்போது அதில்தான் பேப்பர் படிக்கிறார்.

கூரை மேடையின் பாதிக்குத்தான். மீதி வடகத்துக்கும் நிலாவுக்கும். தூணுக்கும் உத்திரத்துக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனோம். பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. இடித்த வீடுகளின் நிலைக்கதவு, போதிகை, தூண், எனாமல் சட்டி எல்லாம் அங்கே வந்து சேர்கின்றன. யாரோ ஒரு குடும்பம் கல்யாணம் காட்சி பார்த்த தூணை அடி அளவு சொல்லி விலை பேசுவது எனக்கு ஒட்டவே இல்லை. ஆனால் நாம் வாங்காவிட்டால் அது எங்கோ ஓட்டல் வரவேற்பறையில் நிற்கப்போகிறது. ஆசாரியைக் கையோடு கூட்டிப் போங்கள். அவர் விரலால் தட்டிச் சத்தம் பார்த்தார், அடிமுனையில் ஆணியால் குத்திப் பார்த்தார், பழைய துளைகள் எங்கே விழுகின்றன என்று அளந்தார். மேலே மெழுகு பூசிப் பளபளத்த இரண்டு தூண்கள் உள்ளே கோறையாக இருந்தன. கடைசியில் மரத்தூண் எடுக்கவில்லை. மரம் தரையைத் தொடவே கூடாது என்பதற்காக ஆறு கல்லுக்கால்களை நட்டு, உத்திரத்துக்கு மட்டும் பழைய தேக்கு எடுத்தோம். வீட்டுப் பக்கத்துக் கால்கள் உயரம், மேற்குப் பக்கத்தவை தாழ்வு. நாட்டு ஓடு அடுக்கினால் அழகு, ஆனால் பாரம், குரங்கு ஏறினால் வருஷத்துக்கு ஒருமுறை பிரித்து வேய வேண்டும். சீமை ஓடு போட்டோம். மேற்குத் தாவாரத்தில் வெட்டிவேர்த் தட்டி, மே மாதத்தில் மட்டும்.

விளக்கு விஷயத்தில் ஒரே ஒரு யோசனை. உட்காரும் இடத்துக்கு நேர் மேலே பிரகாசமாக எதையும் மாட்டாதீர்கள். முதல் மழை விட்ட ராத்திரியில் ஈசல் கிளம்பினால் சாப்பாட்டுத் தட்டு முழுக்க இறகுதான். எங்களுக்கு ஒரு விளக்கு தள்ளி வேப்பமரத்தடியில், இன்னொன்று படிக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்தில், இரண்டும் மஞ்சள் ஒளி.

முதல் பருவமழை முடிந்ததும் தட்டோட்டில் வடக்கு ஓரமாகப் பாசி பிடித்தது, எதிர்பார்த்ததுதான். பிளீச்சிங் பவுடர் தூவி, தென்னை விளக்குமாற்றால் தேய்த்தால் போய்விடுகிறது. வாய்க்கால் ஜல்லியிலிருந்து வேப்பஞ்சருகை வாரம் ஒருமுறை வாரவேண்டியிருக்கிறது. ஊஞ்சல் ஒன்று மாட்ட உத்திரத்தில் வளையம் விட்டு வைத்திருக்கிறோம். இருபக்க ஆட்டத்துக்கும் போதுமான இடம் உண்டா என்று ஆசாரி இன்னும் சந்தேகப்படுகிறார். தை பிறந்ததும் வந்து கயிறு கட்டி அளந்து சொல்கிறேன் என்றிருக்கிறார்.