கம்யூனிட்டி காலேஜுக்குப் போகும் முன்: வெயிட்லிஸ்ட்டில் 14ஆவதாக நின்றவள் எழுதுவது

2022 மார்ச்சில் யூசி, அதாவது கலிபோர்னியா பல்கலைக்கழக முடிவுகள் வந்தபோது எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு வளாகம். அதுவும் நான் கேட்ட மெக்கானிக்கல் இன்ஜினியரிங் இல்லை. பாடம் முடிவு செய்யாதவர்கள் வரிசையில் ஓர் இடம். அப்பா மின்கட்டணம் வந்த உறையைத் திருப்பி, அதன் பின்பக்கம் கணக்குப் போட்டார். ஃபீஸ், விடுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 40,000 டாலர் பக்கம் வந்தது. அதற்குக் கீழே அம்மா இன்னொரு வரி எழுதினாள்: 60 யூனிட், யூனிட்டுக்கு 46 டாலர், மொத்தம் 2,760. யூனிட் என்பது பாடத்தை அளக்கும் கணக்கு. கலிபோர்னியாவில் குடியிருப்பவர்களுக்கு கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடத்துக்கும் சேர்த்து ஆகும் படிப்புக் கட்டணம் அவ்வளவுதான். முதல் முறை முழுநேரமாகச் சேர்பவர்களுக்குப் பல கல்லூரிகள் 'காலேஜ் பிராமிஸ்' திட்டத்தில் அதையும் தள்ளுபடி செய்கின்றன.

மதுரையில் இருக்கும் பெரியப்பாவிடம் விஷயத்தைச் சொன்னோம். "ஏம்மா, தையல், பிளம்பிங் எல்லாம் சொல்லிக் குடுப்பாங்களே, அதுவா?" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 1990களில் நம் பக்கம் பரவிய சமுதாயக் கல்லூரிகள் பெரும்பாலும் படிப்பை நடுவில் விட்டவர்களுக்குக் கைத்தொழில் டிப்ளமோ தருபவை. அமெரிக்காவில் கதை வேறு. 1901இல் இலினாய் மாநிலத்தின் ஜோலியட்டில் முதல் அரசு ஜூனியர் காலேஜைத் தொடங்கியதே, பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு வருடப் பாடங்களைப் பிள்ளைகள் சொந்த ஊரிலேயே முடிக்கட்டும் என்றுதான். தொழிற்படிப்பு இங்கும் உண்டு. நான் படித்த வேதியியல் கட்டடத்துக்குப் பின்னால் கார் மெக்கானிக் ஒர்க்‌ஷாப் இருந்தது. ஆனால் அதே வளாகத்தில் கால்குலஸும் இயற்பியலும் படித்துவிட்டு மூன்றாம் வருடத்தில் யூசியின் பெர்க்லி வளாகத்துக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். பெரியப்பாவிடம் கடைசியில், "ரெண்டு வருஷம் இங்க, ரெண்டு வருஷம் அங்க, டிகிரில யூசி பேருதான் இருக்கும்" என்று அப்பா சொன்னபிறகுதான் சமாதானமானார்.

சரி, நான் எழுத வந்தது முதல் ஆறு மாதத்தில் செய்த தவறுகளைப் பற்றி.

மே மாதமே யூசி இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் ஜூலை கடைசி வரை ஒன்றும் செய்யவில்லை. கம்யூனிட்டி காலேஜில் யாரும் யாரையும் வேண்டாம் என்று திருப்பி அனுப்புவதில்லை, எப்போது வேண்டுமானாலும் சேரலாம் என்ற நினைப்பு. சேர்க்கைக்கு அது சரி, வகுப்புக்குச் சரியல்ல. புதிதாகச் சேர்பவர்கள் ஓரியன்டேஷன், ஆங்கிலத்திலும் கணிதத்திலும் எந்த நிலை வகுப்பில் சேரலாம் என்று முடிவு செய்யும் பிளேஸ்மென்ட், கவுன்சிலரோடு உட்கார்ந்து போடும் எஜுகேஷன் பிளான் ஆகிய மூன்றையும் முடித்திருந்தால், வகுப்பைத் தேர்ந்தெடுக்க முன்னதாகவே தேதி தருவார்கள். மூன்றில் ஒன்று பாக்கி இருந்தாலும் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவோம். நான் ஓரியன்டேஷனை ஜூலை இறுதியில்தான் முடித்தேன். கவுன்சிலரைப் பார்க்க முன்பதிவே கிடைக்கவில்லை. என் தேதி வந்தபோது பொது வேதியியலின் மூன்று பிரிவுகளும் நிரம்பியிருந்தன. வெயிட்லிஸ்ட்டில் என் எண் 14.

14 என்றால் அவ்வளவுதான், வேறு பாடம் பார்ப்போம் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு அக்கா அதே கல்லூரியில் படித்தவர். "முதல் கிளாஸுக்குப் போய் நில்லு, நிக்கிறவங்களுக்குத்தான் கிடைக்கும்" என்றார். போனேன். ஆய்வகத்தில் 24 இருக்கைகள். சுவரை ஒட்டி இருபது பேர் நின்றுகொண்டிருந்தோம். எனக்குப் பக்கத்தில் மருத்துவமனைச் சீருடையோடு நேராக வேலையிலிருந்து வந்த ஒரு பெண். ஆசிரியர் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். பதில் வராத பெயரை இன்னொரு தடவை படித்துவிட்டு, பேனாவால் அடித்தார். அவர் அடிக்கும் ஒவ்வொரு கோட்டையும் சுவரோரத்தில் இருந்த எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்தோம். ஐந்து பேருக்கு ஆட் கோட், அதாவது வகுப்பில் சேர்ந்துகொள்ளும் அனுமதி எண் கிடைத்தது, எனக்கு இல்லை. அன்று மாலையே இன்னொரு பிரிவு, அடுத்த நாள் காலை மூன்றாவது. கடைசியில் வெள்ளிக்கிழமை மாலை ஆறிலிருந்து பத்து வரை நடக்கும் ஆய்வக வகுப்பில் இடம் கிடைத்தது. பதினெட்டு வயதில் யாருக்கும் பிடிக்காத நேரம். ஆனால் கிடைத்தது. முதல் வகுப்புக்கு வராதவர்களின் பெயரைப் பல ஆசிரியர்கள் அன்றே நீக்கிவிடுவார்கள். அதனால் எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள், ஆளாகப் போய் நில்லுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு கணிதத்தில் செய்தேன். பள்ளியில் பிரிகால்குலஸை, அதாவது கால்குலஸுக்கு முந்தைய கணிதத்தை, பி கிரேடில் முடித்திருந்தேன். நேராக கால்குலஸில் சேரலாம் என்றுதான் பிளேஸ்மென்ட் காட்டியது. எனக்குத்தான் பயம். அடிப்படை பலமாகட்டும் என்று மறுபடியும் பிரிகால்குலஸ் எடுத்தேன். செமஸ்டர் நடுவில் ஒருவழியாகச் சந்தித்த கவுன்சிலரும், "தவறில்லை, அவசரப்படாதே" என்றார். மனிதர் நல்லவர்தான். ஆனால் அன்று அவர் என் கணித வகுப்பை மட்டும் பார்த்தார், அதைத் தொடர்ந்து வரவேண்டிய சங்கிலியைப் பார்க்கவில்லை.

இன்ஜினியரிங்கில் சங்கிலிதான் எல்லாம். முதல் கால்குலஸ் முடித்தால்தான் இயற்பியலின் மெக்கானிக்ஸில் உட்கார முடியும். மெக்கானிக்ஸ் முடிந்தால்தான் மின்காந்தவியல். கணிதப் பக்கம் இரண்டாவது கால்குலஸ், மூன்றாவது கால்குலஸ், பிறகு லீனியர் அல்ஜீப்ரா, டிஃபரென்ஷியல் ஈக்வேஷன்ஸ். முதல் செமஸ்டரிலேயே கால்குலஸில் தொடங்கினால் நான்கு செமஸ்டருக்குள் இதெல்லாம் அடங்கும். ஒரு செமஸ்டர் தள்ளித் தொடங்கினால் அடங்காது. அடங்காத இரண்டு பாடங்களுக்காக ஐந்தாவது செமஸ்டர். பல்கலைக்கழகமோ பெரும்பாலும் ஃபாலில், அதாவது ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும் பருவத்தில்தான் மாணவர்களை எடுக்கும், ஆக மொத்தம் ஒரு முழு வருடம் போயிற்று. பிரிகால்குலஸில் ஏ வாங்கினேன், அது எதற்கும் உதவவில்லை. இப்போது கலிபோர்னியாவில் ஏபி 1705 சட்டம் வந்தபிறகு அறிவியல், பொறியியல் மாணவர்களை நேரே கால்குலஸுக்கு அனுப்பி, தேவைப்பட்டால் துணை வகுப்பும் தரும் போக்கு வந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

அதனால் என் யோசனை, கல்லூரி தொடங்குவதற்கு முந்தைய கோடையில் ஒரு மாலை நேரம் ஒதுக்கி அசிஸ்ட் தளத்தைத் திறங்கள். கலிபோர்னியாவின் எந்தக் கம்யூனிட்டி காலேஜின் எந்தப் பாடம், எந்த யூசி அல்லது கால் ஸ்டேட்டின் (மாநிலத்தின் இன்னொரு அரசுப் பல்கலைக்கழகத் தொகுப்பு) எந்தப் பாடத்துக்கு ஈடு என்று அதில் இருக்கும். போக நினைக்கும் வளாகத்தையும் படிப்பையும் கொடுத்தால் ஒரு பட்டியல் வரும். மூன்று நான்கு வளாகங்களுக்கு எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எல்லாம் ஒன்றுபோல் இருக்காது. பிறகு கடைசி செமஸ்டரிலிருந்து பின்னோக்கி ஒரு தாளில் நிரப்புங்கள். கவுன்சிலரைப் பார்க்கும்போது அந்தத் தாளோடு போங்கள். வெறுங்கையோடு போனால் அரை மணி நேரத்தில் பொதுவான அறிவுரைதான் கிடைக்கும், தாளோடு போனால் "இந்தப் பாடம் எங்கள் கல்லூரியில் ஸ்பிரிங் செமஸ்டரில் மட்டும்தான் நடக்கும்" என்பது மாதிரியான விஷயங்கள் வெளியே வரும். ஒரு எச்சரிக்கை: கால்கெட்சி என்ற பொதுப்பாடத் தொகுப்பை முடித்துவிட்டால் போதும் என்று எல்லோரும் சொல்வார்கள். கலை, சமூக அறிவியல் படிப்பவர்களுக்கு அது நல்ல வழி. இன்ஜினியரிங்குக்கு முதலில் கணிதமும் இயற்பியலும்தான்.

கம்யூனிட்டி காலேஜிலிருந்து யூசிக்கு மாறிப் போகிறவர்களுக்கான டேக் என்ற இட உத்தரவாதத்தைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். டேவிஸ், இர்வைன், மெர்சட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு யூசி வளாகங்கள் தருகின்றன. ஒருவர் ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் கேட்கலாம், செப்டம்பர் 1 முதல் 30க்குள். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ இதில் இல்லை. கணினி அறிவியல், இன்ஜினியரிங் போன்ற நெரிசலான படிப்புகளைப் பல வளாகங்கள் இதிலிருந்து விலக்கி வைத்திருக்கின்றன என்பதை உறவினர் வீட்டு விருந்துகளில் யாரும் சொல்வதில்லை. நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நல்ல செய்தி ஒன்று. மாறிப் போகும்போது யூசி பள்ளி மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை, எஸ்ஏடி நுழைவுத் தேர்வும் கேட்பதில்லை. புதுச் சிலேட்டு. அதற்கு மறுபக்கமும் உண்டு. முதல் செமஸ்டர் சி கிரேடு கடைசி வரை ஜிபிஏவில் உட்கார்ந்திருக்கும். பாடம் கைமீறிப் போகிறது என்றால் கெடு தேதிக்குள் விலகுங்கள். விலகியதைக் காட்டும் 'டபிள்யூ' ஒன்று இருப்பது எஃப் ஒன்று இருப்பதைவிட எவ்வளவோ மேல். சேர்ந்த முதல் நாளே அந்தத் தேதிகளை காலண்டரில் குறித்துவிடுங்கள்.

தனிமையைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. ஆகஸ்ட் கடைசியில் தோழிகள் ஒவ்வொருவராக விடுதி அறைப் படங்களைப் போட்டார்கள். நான் தம்பியோடு ஒரே அறையில், வீட்டில் அதே சாம்பார் வாசனையில். வகுப்பு முடிந்ததும் எல்லோரும் வேலைக்கோ வீட்டுக்கோ ஓடிவிடுவார்கள். மாறிப் போகவேண்டும் என்று சேர்பவர்களில் பெரும்பாலோர் இரண்டு வருடத்தில் போய்ச் சேர்வதில்லை. பாடம் கடினம் என்பதால் மட்டுமில்லை, யாரும் தேடவும் மாட்டார்கள் என்பதாலும்தான் என்று எனக்குத் தோன்றும். எனக்குக் கைகொடுத்தது கணித டியூட்டரிங் சென்டர். முதலில் சந்தேகம் கேட்கப் போனேன். இரண்டாம் வருடத்தில் அங்கேயே மணிக்கூலிக்குச் சொல்லிக்கொடுத்தேன். முதல் நாள் சுவரோரம் என் பக்கத்தில் நின்ற அந்த மருத்துவமனைப் பெண்ணும் அங்கே வருவார். தன் மகனுக்கும் எனக்கும் ஒரே வயது என்று சிரிப்பார்.

வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்கு விதிகள் மாறும். விசா விஷயம் தனி. உள்ளூர்வாசிக் கட்டணம் உங்களுக்குப் பொருந்துமா என்று கல்லூரியின் ரெசிடென்சி அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். பள்ளியில் இன்னும் ஒரு வருடம் பாக்கி இருந்தால் பள்ளியில் இருந்துகொண்டே கல்லூரிப் பாடம் படிக்கும் டூயல் என்ரோல்மென்ட்டில் ஒரு பாடம் எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் கட்டணம் இருக்காது. ஆனால் அந்தக் கிரேடும் பிற்பாடு கூடவே வரும், விளையாட்டில்லை.

2025 ஃபாலில் டேவிஸுக்கு மாறினேன். செமஸ்டர் போய் குவாட்டர் வந்தது. பத்து வாரத்தில் பாடம் முடிந்துவிடும், மூன்றாம் வாரம் சைக்கிள் பூட்டின் எண்ணே மனதில் பதியாத நிலையில் மிட்டெர்ம் வந்து நின்றது. முதல் வாரம், நான் முன்பே முடித்த ஒரு பாடத்தை மறுபடி எடுக்கச் சொன்னார்கள். பழைய சிலபஸ் இருக்கிறதா என்று கேட்டார்கள். நல்லவேளை, ஒவ்வொரு வகுப்பின் சிலபஸையும் பிடிஎஃப்பாக ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தேன். அனுப்பினேன், நான்கு நாளில் சரியாகிவிட்டது. ஆசிரியரின் இணையப் பக்கம் செமஸ்டர் முடிந்ததும் பல கல்லூரிகளில் மூடிவிடும், அதனால் முதல் வாரமே இறக்கி வைத்துவிடுங்கள்.