மறுபடி வெள்ளைப் புள்ளி

மார்ச் 3
கிராபீன் (ஓர் அணு தடிமனுள்ள கார்பன் படலம்) வளர்க்க 25 மைக்ரான் காப்பர் ஃபாயில். அசிட்டிக் அமிலத்தில் பத்து நிமிடம், பிறகு தண்ணீர், ஐசோபுரோப்பனால், நைட்ரஜன் ஊதல். இதில் போவது ஆக்சைடு மட்டும்தான். ஆலையில் உருட்டும்போது விழுந்த கோடுகள் போகாது. அதற்கு பாஸ்பாரிக் அமிலத்தில் மின்மெருகு போட வேண்டும். கிராபீன் முளைவிட அந்தக் கோடுகள்தான் வசதியான இடம். முளை அதிகமானால் படிகம் சிறுக்கும், படிகங்கள் சந்திக்கும் மூட்டு பெருகும்.

மார்ச் 4
1,000 டிகிரி செல்சியஸ், குவார்ட்ஸ் குழாய்க்குள் ஹைட்ரஜனில் அரை மணி நேரம் அனீல் (சூட்டில் பதப்படுத்தல்), அப்புறம் கார்பன் தர மீத்தேன். ஃபர்னஸ் காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் இருப்பது குழாய்க்கு வெளியே. செம்பு 1,085இல் உருகிவிடும்.

மார்ச் 5
ஃபாயில் மேல் மறுபடி வெள்ளைப் புள்ளி.

மார்ச் 7
புள்ளி சிலிக்காதான். சூட்டில் குவார்ட்ஸ் குழாயின் உள்சுவர் மங்கி, பொடிந்து, ஃபாயில் மேல் உட்காருகிறது. கழுவுவதில் குறை தேடிப் பயனில்லை. ஒவ்வொரு துகளைச் சுற்றியும் கிராபீன் இரண்டாவது, மூன்றாவது அடுக்காக வளர்கிறது. வேக்குவத்தில் செம்பும் ஆவியாகிறது. குழாயின் குளிர்ந்த முனையில் படிந்திருக்கும் செம்பு வளையமே சாட்சி. ஃபாயிலைப் பை மாதிரி மடித்து ஓரங்களை நெரித்து மூடிவிட்டால் உள்பக்கத்துக்குத் துகளும் வராது, ஆவியாதலும் குறையும். உள்ளே நுழையும் மீத்தேன் குறைவு, அதனால் முளையும் குறைவு, படிகம் பெரிது. பிரிக்கும்போது கசங்குமே, அதுதான் தலைவலி.

மார்ச் 8
செம்புக்குப் பதில் நிக்கல் ஃபாயில் வேண்டாம். கார்பனைக் கரைத்து வைத்துக்கொண்டு, ஆறும்போது திட்டுத் திட்டாகக் கக்கும்.

மார்ச் 10
பம்ப் வால்வை மூடிவிட்டு பிரஷர் ஏறுவதைப் பார்த்தேன். கசிவு இருக்கிறது. சூடான முனைப் பக்கத்து ஓ-ரிங் (ரப்பர் அடைப்பு வளையம்) இறுகி மரத்துவிட்டது. துளி ஆக்சிஜன் போதும், வளர்ந்த படலத்தை அரித்துவிடும்.

மார்ச் 11
ராமன் நிறமாலை (லேசர் ஒளிச் சிதறலை வைத்துப் பார்க்கும் சோதனை) எடுப்பதற்கு முன்னால் ஹாட் பிளேட். காற்றில் 200 டிகிரி, சில நிமிடம். கிராபீன் மூடாத செம்பு ஆக்சைடாகிச் சிவக்கும், மூடிய இடம் பளபளப்பாகவே இருக்கும். மைக்ராஸ்கோப்பில் மூட்டுகள் மெல்லிய சிவப்புக் கோடுகளாகத் தெரிந்தன.

மார்ச் 12
ராமன். 532 நானோமீட்டர் லேசரில் செம்பின் சொந்த ஒளிர்வே பின்னணியை ஏற்றிவிடுகிறது. ஆனாலும் 2,700 செ.மீ⁻¹ பக்கம் 2டி என்ற முகடு கூர்மையாக, 1,580இல் உள்ள ஜி முகட்டைவிட இரண்டு மடங்கு உயரம். ஒற்றை அடுக்கு. 1,350இல் குறைபாட்டைக் காட்டும் டி முகடு அநேகமாக இல்லை. அப்பாடா.

மார்ச் 14
செம்புக்குத் துருத்தடுப்புப் பூச்சு என்று கிராபீனை விற்பவர்கள் சில மாதம் ஈரக்காற்றில் வைத்துப் பார்க்கட்டும். கிராபீன் மின்கடத்தி. ஓட்டை விழுந்த இடத்தில் அது கேத்தோடாக (மின்கலத்தின் எதிர்முனை போல, தான் அரிபடாமல்) நின்று, அடியில் உள்ள செம்பை வெறும் செம்பைவிட வேகமாக அரிக்க வைக்கும்.

மார்ச் 15
புதுக் குழாய், புது ஓ-ரிங். ஃபாயில் இல்லாமல் ஹைட்ரஜனில் ஒரு சுடல்.

மார்ச் 16
பையின் உள்பக்கத்தில் புள்ளி இல்லை. வெளிப்பக்கத்தில் இருக்கிறது. குழாயோ புதுசு.